தகரத்தில் வரைந்த அமெரிக்கக் குழந்தைகள்

மூவாயிரத்து நானூற்று எண்பது டாலர். நரேந்திரன் அண்ணாச்சி எனக்குத் தர வேண்டியது அவ்வளவு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவர் மறந்தாலும் நான் மறக்கவில்லை. காலையில் பல் விளக்கும்போது கூட அந்தத் தொகை வாயில் கசக்கும்.

எனக்கு ஊர் சிவகாசிக்கு மேற்கே. பேர் மாரிசாமி. தகரத்தில் எனாமல் பெயிண்டால் வரைவதுதான் தொழில். மூக்குப்பொடி, பீடி, பல்பொடி, சோப்பு என்று கடைவாசலில் தொங்குகிற போர்டு அத்தனையும் வரைந்திருக்கிறேன். காலண்டருக்கும் வரைந்திருக்கிறேன். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாது. எழுத்தையும் ஒரு படமாக நினைத்து அப்படியே இழுத்துவிடுவேன். தமிழோ இங்கிலீஷோ எனக்கு ஒன்றுதான்.

அண்ணாச்சியும் எங்கள் பக்கத்து ஆள். எப்போதோ ஆக்லாந்துக்கு வந்து, ஒனேஹங்காவில் பழைய சாமான் கடை வைத்திருந்தார். தொண்ணூற்று ஒன்றில் ஊருக்கு வந்தவர், பஸ் ஸ்டாண்டில் தொங்கிய ஒரு பீடி போர்டைப் பார்த்துவிட்டு என்னைத் தேடிக்கொண்டு வந்தார்.

"இதை வரைஞ்சது நீதானா?"

"ஆமா அண்ணாச்சி."

"இதே மாதிரி அமெரிக்காக்காரன் படத்தை வரைவியா? போர்டுக்கு நூத்தியிருவது டாலர். விசா நான் பாத்துக்கறேன். டிக்கெட்டு மட்டும் உன் செலவு."

நூற்றியிருபது டாலரை ரூபாயாக மாற்றிச் சொன்னார். என் சம்சாரம் கண்மணி அதைக் கேட்டு அடுப்பில் இருந்த பாலைப் பொங்கவிட்டாள். அவள் பேரில் இருந்த ஓட்டு வீட்டை அடகு வைத்துத்தான் டிக்கெட் எடுத்தேன்.

மங்கரேயில் அவர் வீட்டு கராஜ்தான் எனக்குப் பட்டறை, படுக்கை எல்லாம். தலைக்கு மேலே ஏரோப்ளேன் போய்க்கொண்டே இருக்கும். ஒரு கனத்த புத்தகத்தைக் கொண்டுவந்து போட்டார். அமெரிக்காவில் அந்தக் காலத்தில் வந்த சிகரெட் விளம்பரங்கள். திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் புகை. வெள்ளைக் கோட்டுப் போட்ட டாக்டர், நெற்றியில் கண்ணாடி, விரலிடுக்கில் சிகரெட். மருந்து எழுதிக் கொடுக்கிற மாதிரி சிரிப்பார். எங்கள் ஊர் பீடிக் கம்பெனிக்காரனுக்குக் கூட அந்தத் தைரியம் வந்ததில்லை. கிறிஸ்துமஸ் தாத்தா சாக்குமூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஒரு தம் இழுப்பார். கல்யாணப் பெண் கேக்கை வெட்டாமல் சிகரெட்டைப் பற்ற வைப்பாள். குதிரைக்காரன் இல்லாமலா, அவனும் உண்டு. எல்லாவற்றையும் விட அதிகமாக இருந்தது அம்மாக்கள்தான். மடியில் கொழுகொழு என்று ஒரு குழந்தை, ஒரு கையில் பால் பாட்டில், இன்னொரு கையில் சிகரெட். கம்பெனிப் பேர்களைச் சொல்லவில்லை. அதில் சிலது இன்னும் இருக்கிறது, எனக்கு எதற்கு வம்பு.

அப்போதுதான் இந்த நாட்டில் சிகரெட் விளம்பரம் கூடாது என்று சட்டம் வந்திருந்தது. டெய்ரி என்று இங்கே சொல்கிற பெட்டிக்கடை வாசல்களில் இருந்த போர்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கழற்றக் கழற்றத்தான் ஆட்களுக்கு அதன் மேல் ஆசை வந்தது. பாரிலும் ஓட்டலிலும் அந்தக் காலத்து அமெரிக்க போர்டு ஒன்று தொங்கினால் அழகு என்று தேட ஆரம்பித்தார்கள். பழைய சாமான் என்றால் அது விளம்பரக் கணக்கில் வராது என்று அண்ணாச்சி சொன்னார். சரியோ தப்போ, எனக்குத் தெரியாது.

நான் வரைந்து காயவைத்த பிறகு அதைப் பழசாக்குவது அடுத்த வேலை. உப்புத் தண்ணீரும் வினிகரும் தெளித்து, ஈரச் சாக்கில் சுற்றி, தோட்டத்து எருக்குழியில் புதைத்து வைப்போம். எடுத்தால் ஓரமெல்லாம் துருப்பிடித்து, நிஜமாகவே அறுபது வருஷம் மழையில் நின்ற மாதிரி இருக்கும். கடைசியில் அண்ணாச்சி காற்றுத் துப்பாக்கியால் ரெண்டு ஓட்டை போடுவார்.

"இது எதுக்கு அண்ணாச்சி?"

"அமெரிக்காக்காரன் ரோட்டோரத்துல போர்டைக் கண்டா சுடாமப் போகமாட்டான். ஓட்டை இல்லேன்னா நம்பமாட்டாங்க."

"நாம எதுக்கு நம்ப வைக்கணும்? அலங்காரத்துக்குத்தானே வாங்கறாங்க?"

"நீ வரைடே. பேச்சு எனக்கு."

ரெண்டு வருஷத்தில் இருபத்தொன்பது போர்டு வரைந்தேன். அரிசி, பருப்பு, படுக்க இடம் கொடுத்தார். பணம் மட்டும் இன்றைக்கு, நாளைக்கு. சரக்கு போகவில்லை என்பார். போன போர்டுக்குக் காசு வரவில்லை என்பார். நான் முகத்தைத் தூக்கினால், "விசா முடியுதே, ஞாபகம் இருக்கா?" என்று சாதம் போட்டுக்கொண்டே கேட்பார். ஊருக்கு அனுப்ப என்னிடம் எதுவும் இல்லை. அடகு பிடித்தவன் எத்தனை நாள் பொறுப்பான்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து போன். கண்மணிதான்.

"சாமானை எல்லாம் தெருவுல எடுத்து வச்சுட்டாங்க. தெருவே நின்னு வேடிக்கை பாத்துச்சு. நான் பானைங்களுக்கு நடுவுல நின்னுட்டு இருந்தேன். எங்க பாக்குறதுன்னு தெரியல."

"இப்ப எங்க இருக்க?"

"அக்கா வீட்டுல. நீங்க ஒண்ணும் அனுப்ப வேணாம். அனுப்பி என்ன, வீடு போயிருச்சு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்றைக்கே அண்ணாச்சியிடம் போய் நின்றேன். கராஜ் வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். புது வேன்.

"வீடு போயிருச்சு அண்ணாச்சி."

"அடடா." குழாயை மூடவில்லை. "உனக்கு ரெண்டு வருஷம் சோறு போட்டிருக்கேன். வாடகை கேட்டேனா? கூட்டிக் கழிச்சுப் பாத்தா நீதான் எனக்குத் தரணும். சரி போ, உன்கிட்ட நான் கேக்கமாட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பெரிய மனசு பண்ணிய சிரிப்பு. அந்தச் சிரிப்பில்தான் நான் முடிவு செய்தேன். பணம் வந்தால் மட்டும் பத்தாது. கண்மணி தெருவில் நின்ற மாதிரி இவர் ஆட்கள் பார்க்க ஒரு நாள் நிற்கணும். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிற்கணும்.

புக்கெகோஹியில் ஒரு வெங்காயத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. தோட்டக்காரர் நல்ல மனுஷன், விசாவுக்குக் கையெழுத்துப் போட்டார். முதுகு ஒடிகிற வேலை. மூட்டை தூக்கித் தூக்கி வலது தோள் இறங்கிப்போனது. ஆனால் வியாழக்கிழமை தோறும் சம்பளம் கையில் வந்தது. அங்கேதான் குணவதி அக்கா பழக்கம். யாழ்ப்பாணத்துக்காரர். என்னை விட நாலைந்து வயது பெரியவர், நாக்கு மட்டும் இன்னும் பெரியது. சம்பளச் சீட்டில் நான் கைநாட்டு வைப்பதைப் பார்த்துவிட்டார்.

"மாரியண்ணை, உங்களுக்கு வாசிக்கத் தெரியாதோ?" வயதில் பெரியவரானாலும் மரியாதைக்கு அண்ணை என்றுதான் கூப்பிடுவார்.

"தெரியாதுக்கா."

"பின்னை என்னெண்டு போர்டு எழுதினனீங்கள்?"

"வரைஞ்சேன்."

தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த நாளே ஒரு பென்சிலோடு வந்தார். டீ குடிக்கிற இடைவேளைக்கு இங்கே ஸ்மோகோ என்று பேர். பாதிப் பேர் வெளியே போய்ப் புகைப்பார்கள், பாதிப் பேர் பிஸ்கட் தின்பார்கள். எனக்கு அது பள்ளிக்கூடம். வெங்காயச் சாக்கில் அச்சடித்திருந்த எழுத்தைத் தொட்டுக் காட்டி இங்கிலீஷும், அட்டைப்பெட்டி மேல் எழுதிக் காட்டித் தமிழும் சொல்லிக்கொடுத்தார்.

"ஏன் அண்ணை எல்லா எழுத்தையும் கீழையிருந்து மேலை இழுக்கிறியள்?"

"பெயிண்டு வழியாம இருக்கணும்னா அப்படித்தான்."

"இது பென்சில். வழியாது."

நாற்பத்தாறு வயதில் 'அ' எழுதினேன். அக்கா அதைப் பார்த்துவிட்டு, "வடிவாத்தான் இருக்கு, ஆனா இது எழுத்தில்லை, கோயில் சிற்பம்" என்றார். போகப்போக எழுத்து எழுத்தாகவே வந்தது.

மூன்று வருஷம் கழித்து ஒரு நாள் வெங்காயம் இறக்க லாரியில் பார்னெல் பக்கம் ஒரு ரெஸ்டாரண்டுக்குப் போனேன். பார் மேடைக்குப் பின்னால் என் போர்டு தொங்கியது. நீல கவுன் போட்ட அம்மா, மடியில் குழந்தை, கையில் சிகரெட். துருவும் துப்பாக்கி ஓட்டையும் அப்படியே. கீழே நான் வரைந்த எழுத்துகள். முதல் தடவையாக அதைப் படித்தேன். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டி. 'தாய்மாரின் நரம்புக்கு இதமானது' என்று இருந்தது. இதையா நான் உட்கார்ந்து மெனக்கெட்டு நிழல் கொடுத்து எழுதினேன் என்று இருந்தது.

பாரில் நின்ற வெள்ளைக்காரப் பெண் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அந்தக் குழந்தை கன்னத்தில் இருக்கிறது என்ன என்று சொல்லு பார்ப்போம். வருகிறவர்கள் எல்லாம் பந்தயம் கட்டுகிறார்கள். ஈயா, மச்சமா, மையா?"

அப்போதுதான் நானே பார்த்தேன். குழந்தையின் வலது கன்னத்தில் கறுப்பாக வட்டமாக ஒரு திருஷ்டிப் பொட்டு.

ஊரில் காலண்டருக்குக் குழந்தை வரைந்தால் கடைசியாகக் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்துவிட்டுத்தான் தூரிகையைக் கழுவுவோம். பொட்டில்லாத குழந்தைக் காலண்டர் விற்காது. இங்கே வந்தும் கை அதையே செய்திருக்கிறது, எனக்குத் தெரியாமலே. அதை விடுங்கள், அண்ணாச்சி? புத்தகத்தையும் போர்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பூதக்கண்ணாடி பிடித்து, ஒரு எழுத்து விடாமல் ஒத்துப் பார்ப்பார். அந்த மனுஷனும் கன்னத்தைப் பார்த்திருக்கிறார். ஆனால் உறுத்தவில்லை. அவர் கண்ணுக்குக் குழந்தை என்றால் பொட்டோடுதான் இருக்கும். பொட்டு இல்லாமல் இருந்திருந்தால்தான் ஏதோ குறைகிறதே என்று நின்றிருப்பார்.

"இந்த போர்டு என்ன விலையாம்?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"ஓனர் ஆயிரத்து நூறு கொடுத்தார். அமெரிக்காவிலிருந்து வந்தது. ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளில் செய்ததாம்."

ஆயிரத்து நூறு. சரக்கு போகவில்லை என்றாரே அண்ணாச்சி. நான் மூட்டையை இறக்கினேன். அப்போதே ஓனரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் ஒருத்தர் கோபப்படுவார், அண்ணாச்சி ஒரு ஆயிரத்து நூறைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வழக்கம்போல் சிரிப்பார். அது எனக்குப் பத்தாது. பெரிசாக வரட்டும் என்று இருந்தேன்.

தொண்ணூற்று எட்டில் வந்தது. அண்ணாச்சியே தோட்டத்துக்கு வந்தார். தலை நரைத்திருந்தது, சிரிப்பு நரைக்கவில்லை.

"எப்படிப்பா இருக்க மாரி? இளைச்சுட்டியே. கோபமெல்லாம் போயிருச்சா?"

"போயிருச்சு அண்ணாச்சி."

துறைமுகத்துப் பக்கம் ராஸ் என்று ஒரு பணக்காரர் குடும்ப ரெஸ்டாரண்ட் திறக்கிறாராம். பழைய அமெரிக்க போர்டு பத்து வேண்டுமாம். பத்தும் அம்மாவும் குழந்தையுமாக. பதினைந்தாயிரம் பேசி, ஐயாயிரம் முன்பணமும் வாங்கி, அதைப் புதுக் கடை வாடகைக்குக் கட்டியாயிற்று. இந்தப் பத்து மட்டும் நன்றாகப் போனால் ராஸின் கூட்டாளிகள் எல்லாம் இவரிடம்தான் வருவார்கள். வேறொரு பையனை வைத்து வரைந்து பார்த்தாராம். குழந்தை எல்லாம் கிழவனாக வந்ததாம்.

"உன் கை யாருக்கு வரும்? வித்த அன்னைக்கே பழசும் புதுசும் சேர்த்துக் கையில குடுத்துடறேன். நம்பு."

"நம்பறேன் அண்ணாச்சி."

பக்கத்தில் இருந்த குணவதி அக்கா அவர் போன பிறகு என்னை முறைத்தார். "உங்களுக்கு மூளை கழண்டு போச்சோ? அந்த ஆளோடை திரும்பவும் போறதோ?"

"போறேன்க்கா. ரெண்டு மாசம் சனி, ஞாயிறு மட்டும்."

"காசு தரமாட்டான்."

"தெரியும்."

என் முகத்தைப் பார்த்தார். "அப்ப காசுக்குப் போகேல்லை" என்றார்.

அதே கராஜ். முதல் குழந்தையை வரைந்ததும் கன்னத்தில் பொட்டு வைத்துச் சுவரில் சாய்த்தேன். இந்தத் தடவை தெரிந்தே வைத்தேன். அண்ணாச்சியின் சம்சாரம் திலகா மதினி காபி கொண்டுவந்தார். போர்டைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார்.

"என்னங்க, இங்க வாங்களேன். நம்ம நவின் சின்னதுல இப்படியேதான இருந்தான்?"

அண்ணாச்சி வந்து மூக்கு படுகிற தூரத்தில் நின்று பார்த்தார். "ஆமா. அந்தக் கன்னம் அப்படியே."

எனக்குச் சிரிப்பு வந்தது. இருமி மறைத்தேன். ரெண்டு பேரும் போன பிறகு அந்தப் பொட்டை டர்பன்டைன் தொட்டு அழித்துவிட்டேன். எனாமலில் வைத்தால் அது படத்தோடு படமாகிவிடும். ஏதோ அச்சுக் குறி என்று அண்ணாச்சி வாயாலேயே சமாளித்துவிடுவார். எனக்கு வேண்டியது கையில் ஒட்டுகிற பொட்டு.

கண் மை எப்படிச் செய்வது என்று எல்லோருக்கும் தெரியும். விளக்கெண்ணெய்த் திரியை ஏற்றி, மேலே தட்டைக் கவிழ்த்து, படிகிற கரியை வழித்து, ரெண்டு சொட்டு விளக்கெண்ணெயில் குழைத்தால் ஆயிற்று. எத்தனை வருஷமானாலும் அது காயாது. என் அறையில் உட்கார்ந்து ஒரு சின்ன டப்பி நிறையச் செய்தேன்.

ராஸிடம் காட்டுகிற நாள் காலையில் அண்ணாச்சி கோட்டுப் போட உள்ளே போனார். நான் வேனில் ஏற்றுவதற்கு முன், குழந்தைகளை வெளியே கிளப்பும்போது வைக்கிற மாதிரி, பத்துக் கன்னத்திலும் விரலால் பொட்டு வைத்தேன். போர்டுகள் முகத்தோடு முகம் ஒட்டாமல் நடுவில் கட்டைச் சட்டம் கொடுத்துக் கட்டினேன். அண்ணாச்சி சென்ட் வாசனையோடு வந்து, கட்டு சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார்.

"ஜாக்கிரதையா கட்டியிருக்க. குட்."

ரெஸ்டாரண்ட் இன்னும் திறக்கவில்லை. பெரிய ஹால், சாந்து வாசனை. ராஸ் உயரமான ஆள், சட்டைக் கையை மடித்துவிட்டுத் தன் சம்சாரத்தோடும் கணக்குப்பிள்ளையோடும் நின்றிருந்தார். தச்சு வேலை செய்கிறவர்களும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்க வந்தார்கள். நான் பத்தையும் வரிசையாகச் சுவரில் சாய்த்தேன். அண்ணாச்சி ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, இது கென்டக்கியில் ஒரு கடையில் இருந்தது, இது ரயில்வே ஸ்டேஷனில் இருந்தது என்று கதை சொல்லிக்கொண்டே போனார். எருக்குழியில் இருந்தது என்று மட்டும் சொல்லவில்லை.

ராஸுக்குப் பிடித்துப்போயிற்று. துப்பாக்கி ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்துச் சிரித்தார். கணக்குப்பிள்ளையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவர் செக் புத்தகத்தை எடுத்தார். யாருமே கேட்காமல் போய்விட்டால்?

ராஸின் சம்சாரம்தான் கேட்டார். "குழந்தைகள் கன்னத்தில் இது என்ன? எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் இருக்கிறதே."

"எது?" என்றார் அண்ணாச்சி. நடிக்கவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

"இந்தக் கறுப்பு."

அண்ணாச்சி குனிந்து பார்த்தார். அப்போதும் ஒரு நொடி புரியவில்லை. "ஓ, அதுவா, அந்தக் காலத்து அச்சில் அப்படி வரும்" என்றார்.

அந்த அம்மா ஒரு விரலால் குழந்தையின் கன்னத்தைத் தொட்டார், நிஜக் குழந்தையைத் தொடுகிற மாதிரி. விரலில் கறுப்பு வந்தது. விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ராஸ் அடுத்த போர்டில் தேய்த்தார். கறுப்பு. அதற்கடுத்தது. கறுப்பு. அறுபது வருஷம் மழையிலும் வெயிலிலும் நின்ற பத்துக் குழந்தைகளின் கன்னத்திலும் ஈர மை. தச்சர்களில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். ராஸ் பையிலிருந்து சாவியை எடுத்துத் துருவின் ஓரத்தில் சுரண்டினார். புது எனாமல் சுருள் சுருளாக வந்தது.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "என்னடா இது?"

"திருஷ்டிப் பொட்டு அண்ணாச்சி. கொழந்தைங்க கொழுகொழுன்னு இருக்கு. இத்தனை பேர் பாக்குற எடம். கண்ணு பட்டுரும்ல."

அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. பத்துக் கன்னத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் தமிழில் சொன்னது என்ன என்று ராஸ் கேட்டார். செக் புத்தகம் பைக்குள் போயிற்று. ஐயாயிரத்தை வெள்ளிக்கிழமைக்குள் திருப்பிக் கொடுக்கணும், இல்லாவிட்டால் போலீஸ் என்று ராஸ் சத்தம் போடாமல் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் கூட அண்ணாச்சிக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும்.

வேன் பக்கத்தில் வந்ததும் அவர் என் சட்டையைப் பிடித்தார். நான் கையைத் தட்டிவிட்டேன். இறங்கிப்போன தோள்தான், ஆனாலும் மூட்டை தூக்கின கை.

"என்னைக் கெடுத்துட்டியேடா. சோறு போட்டவன்டா நான்."

"இன்னும் கெடுக்கல அண்ணாச்சி. பழைய இருபத்தொன்பதுல எத்தனை கொழந்தை இருக்குன்னு எனக்குத் தெரியும். அதுல பொட்டு எனாமல்ல இருக்கு, அழியாது. எங்க தொங்குதுன்னும் ஒண்ணு ரெண்டு தெரியும். பார்னெல்ல ஒண்ணு. ஆயிரத்து நூறுக்கு வித்தீங்களாமே."

கையை இறக்கினார்.

"என்ன வேணும் உனக்கு?"

"எனக்கு வரவேண்டியது. செக் வேணாம், நோட்டாக் குடுங்க. புக்கெகோஹியில நான் வேலை செய்யற எடத்துக்கு, வேலை நேரத்துல, நீங்களே கொண்டு வரணும். மதினியை அனுப்பக் கூடாது."

பத்து நாள் கழித்து வந்தார். வேன் இல்லை, விற்றுவிட்டிருந்தார். யாரோ காரில் இறக்கிவிட்டுப் போனார்கள். அந்த வாரம் எனக்கு வெங்காயம் உரிக்கிற அறையில் வேலை. ஓட்டல்களுக்கு உரித்து, நறுக்கி, வாளியில் போட்டு அனுப்புகிற அறை. ஜன்னல் கிடையாது. பதினைந்து பேர் மேஜையைச் சுற்றி நிற்போம். பழகினவர்களுக்கு ஒன்றும் செய்யாது. புதிதாக வருகிறவர்கள் கதவைத் திறந்ததுமே திரும்பி ஓடுவார்கள்.

அண்ணாச்சி கதவைத் திறந்தார். கோட்டுப் போட்டிருந்தார். ரெண்டடி வைத்ததும் கண் இடுங்கியது.

"மாரி, கொஞ்சம் வெளியே வாயேன்."

"கையில வேலை இருக்கு அண்ணாச்சி. இங்கயே குடுங்க. மேஜை மேல எண்ணி வைங்க."

எல்லோரும் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஃபிஜிக்காரர்கள், மவோரி ஆட்கள், ரெண்டு சீனத்துப் பெண்கள், குணவதி அக்கா. அண்ணாச்சி உறையிலிருந்து நோட்டுகளை எடுத்து எண்ண ஆரம்பித்தார். ஐந்து நோட்டு எண்ணுவதற்குள் கண்ணீர் வழிந்தது. கையால் துடைத்தார். அது இன்னும் எரித்தது. கணக்கு விட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து எண்ணினார். கோட்டு மார்பு நனைந்தது, மூக்கு ஒழுகியது. எனக்குக் கண் உலர்ந்து கிடந்தது.

பக்கத்தில் இருந்த சீனத்துப் பெண் அவருக்குக் காகிதக் கைக்குட்டையை நீட்டினாள். ஒரு மவோரிக்காரர் தொப்பியைக் கழற்றினார். யாராவது செத்துவிட்டார்களா என்று குணவதி அக்காவிடம் மெதுவாகக் கேட்டார். அக்கா இல்லை என்று தலையாட்டினார்.

"இந்தா." நோட்டுக் கட்டைத் தள்ளினார்.

நான் கையுறையைக் கழற்றிவிட்டு எண்ணினேன். அவசரப்படவில்லை.

"எண்பது குறையுது அண்ணாச்சி."

"அப்புறம் தர்றேன்ப்பா."

"இப்ப."

"மாரி, எண்பது டாலர்டா. கையில இல்ல."

"மெயின் ரோட்டுல பேங்க் மெஷின் இருக்கு. நடந்தா பத்து நிமிஷம். நான் இங்கதான் இருப்பேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மற்றவர்களைப் பார்த்தார். எங்கே பார்த்தாலும் ஒரு முகம் இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு வெளியே போனார்.

"போதும் அண்ணை" என்றார் குணவதி அக்கா. "எண்பதை விடுங்கோவன். பாவமாக் கிடக்கு."

"விடமாட்டேன்க்கா."

திரும்பி வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தார். கதவைத் திறந்ததும் கண்ணீர் மறுபடி வழிய ஆரம்பித்தது. நாலு இருபது டாலர் நோட்டை மேஜை ஈரத்தில் வைத்தார். நோட்டு ஒட்டிக்கொண்டது.

"சரியா இருக்கா?"

"சரியா இருக்கு. முடிஞ்சுது."

அவர் ஏதோ சொல்ல நின்றார். நான் கையுறையை மாட்டிக்கொண்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தேன்.